பந்தைப் பார்க்காத ஆள்

மெர்வ் ஸ்டாங்கர் எங்கள் ரக்பி கிளப்பில் ட்ரெய்னராக இருந்த காலம் முழுக்க ஒரு ட்ரையைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கோட்டோரம் நின்ற மனுஷன். நம்பாளு பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் அழுத்தி ட்ரை போடுகிறான், ஊரே எழுந்து நின்று கத்துகிறது, அவர் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். பந்து போன தடத்தில் எவன் மெதுவாக எழுந்திருக்கிறான், எவன் விலாவைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான், அதுதான் அவர் பார்க்கிற ஆட்டம். கேட்டால், "பந்தைப் பார்க்கத்தான் இத்தன பேர் டிக்கெட் வாங்கி வந்திருக்கானுங்களே. விழுந்தவனப் பார்க்க ஒருத்தன் வேணாமா?" என்பார்.

எங்கள் ஊர் விரபில்லா. கோதுமை, ஆடு, ஊர்க்கோடியில் இறைச்சி ஆலை. குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ரக்பி லீக். வேறு ஒன்றும் கிடையாது. எனக்கு ஆலையில் எலும்பு பிரிக்கிற வேலை. கழுத்து பிசகுகிற வரை நானும் ஆடினேன். இப்போது மைதானத்து வாசல் பக்கம் இரும்புத் தட்டில் சாசேஜும் வெங்காயமும் வாட்டி ரொட்டியில் சுற்றிக் கொடுக்கிறேன். அங்கே நின்றால் எங்கள் ஆட்கள் நிற்கிற கோட்டோரம் நன்றாகத் தெரியும். அதனால் மெர்வை நான் பார்த்த அளவுக்கு அவர் பெண்டாட்டி கிளெனிஸ் அக்காகூடப் பார்த்திருக்க மாட்டாள். அவளும் இதையேதான் சொல்வாள். சொல்கிற தொனிதான் வேறு.

எங்கள் சட்டையில் புரோல்கா படம் இருக்கும். உயரமான சாம்பல் நிறக் கொக்கு. வெளியூர்க்காரன்கள் "கொக்கே, போய் மீன் புடி" என்று கத்துவான்கள். அந்தச் சட்டைக்கு மிகவும் பொருத்தமான உடம்பு மெர்வுக்குத்தான். நெட்டைக் கால், நீளக் கழுத்து. ஆனால் அந்தச் சட்டையைப் போட்டு அவர் ஆடியது கொஞ்ச நாள்தான். தோள்பட்டை இறங்கிவிட்டது. அப்போதிருந்த ட்ரெய்னர் குடித்துவிட்டு வராமல் போன ஒரு நாளில் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். அதற்கப்புறம் அந்த வாளியை யாரும் அவரிடமிருந்து வாங்கவில்லை. வார நாளில் தானியக் கிடங்கில் வேலை, மற்ற நேரமெல்லாம் கிளப். கணுக்காலுக்கு டேப் சுற்றுவது, விரல் எலும்பை இழுத்து உட்கார வைப்பது, மூக்கை நேராக்குவது, கோச் சொன்னதை உள்ளே கொண்டுபோய்ச் சொல்வது. பொய்ப்பல் வைத்திருக்கிறவன் எல்லாம் ஆட்டத்துக்கு முன்னால் பல்லைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிடுவான். எந்தப் பையில் எவன் பல் என்று அவருக்குத் தெரியும். ஒரே ஒரு முறை மாறிப்போய்விட்டது. முன்வரிசைத் தடியன்கள் இரண்டு பேர் ஒருத்தன் பல்லை ஒருத்தன் மாட்டிக்கொண்டு நேராக நடன விருந்துக்குப் போய்விட்டார்கள். "இன்னைக்கு என்னடா எல்லாப் பொண்ணுங்களும் என்னப் பார்த்துச் சிரிக்குதுங்க" என்று அதில் ஒருத்தன் சந்தோஷமாக வந்து சொன்னானாம்.

உட்காரத் தெரியாத ஆள் மெர்வ். சாப்பிடுவதே நின்றுகொண்டுதான். "இவனுக்கு நாற்காலி வாங்கினதே தண்டம்" என்பாள் கிளெனிஸ் அக்கா.

அக்காவுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. அறுவடைத் தூசி கிளம்பினால் மூச்சு நின்றுவிடும் போல ஆகிவிடும். கடலோரத்தில் மகள் லீயான் வீட்டுக்கு அருகில் போய் இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெர்வ் "இந்த சீசன் முடியட்டும்" என்றார். முடிந்தது. அடுத்த சீசன் வந்தது. "இது மட்டும் முடியட்டும்" என்றார். போன கோடையில் அக்கா சின்ன காரில் துணிமணியை ஏற்றிக்கொண்டு தனியாகவே கிளம்பிவிட்டாள். கிளம்பும்போது என் முன்னால்தான் சொன்னாள்:

"மெர்வ், கடைசி ஆட்டம் முடிஞ்ச மறுநாள் நீ அங்க இருக்கணும். இல்லன்னா வரவே வேணாம். அந்தத் தண்ணி வாளியையே கட்டிக்கிட்டு இரு."

அவள் சொன்னால் சொன்னதுதான். மெர்வுக்கும் அது தெரியும். கிடங்கு வேலையை விட்டார், வீட்டை விற்றார், கிளப்பில் இதுதான் என் கடைசி சீசன் என்று எழுந்து நின்று அறிவித்தார். அன்றிலிருந்து அவர் காலில் வெந்நீர் கொட்டின மாதிரிதான். காலி வீட்டில் ராத்திரி தூக்கமில்லை என்று விடியும் முன்பே மைதானத்துக்கு வந்து கோடு போடுவார். போட்ட கோட்டின் மேலேயே இன்னொரு முறை போடுவார்.

குளிர்காலம் முடிகிற ஆகஸ்ட் கடைசியில் கூல்கரா அணியோடு எங்கள் மைதானத்தில் ஆட்டம். ஜெயித்தால் அரை இறுதி, அதிலும் ஜெயித்தால் இன்னும் இழுக்கும். தோற்றால் அன்றோடு சரி, மறுநாள் மெர்வ் வண்டியேற வேண்டியதுதான். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். நீண்ட நாள் கிளப்பில் இருந்துவிட்டுப் போகிறவனை, ஐஸ் கொட்டி வைக்கிற சக்கரம் வைத்த பச்சைத் தொட்டியில் உட்கார வைத்து, ஆட்டம் முடிந்ததும் மைதானத்தைச் சுற்றித் தள்ளிக்கொண்டு ஓடுவது எங்கள் வழக்கம். தொட்டியைக் கழுவி, கொக்குப் படம் ஒட்டித் தயாராக வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு உடை மாற்றுகிற கொட்டகையில் மெர்வ் ஒரு கணுக்காலுக்குச் சுற்றிய டேப்பைப் பிரித்துப் பிரித்துத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தார். கால் சேஃபோ டவுலாகியுடையது. சமோவாக்காரன், ஆலையில் என் பக்கத்து மேசை.

"பெருசு, டேப் மட்டும் ஆடப் போகுதா, நானும் சேர்ந்து ஆடலாமா?" என்றான்.

"வாய மூடிக்கிட்டுக் கால நீட்டு."

"ஜெயிக்கணுமா தோக்கணுமா? சொல்லிட்டா எங்களுக்கும் சௌகரியம்."

எல்லோரும் சிரித்தார்கள். மெர்வ் சிரிக்கவில்லை.

கடைசி நிமிஷங்கள் வரை வந்துவிட்டது. கூல்கரா பத்தொன்பது, நாங்கள் பதினாலு. எங்கள் ப்ரோடி ஃபெனல் பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தான். ப்ரோடிதான் எங்கள் மூளை, எங்கள் உதைகாரனும் அவன்தான். இரண்டு பேர் மேலே வந்து விழுகிற நேரத்தில் பந்தைப் பக்கத்து ஆளுக்குத் தட்டிவிட்டான். அவன் போய்க் கோல் கம்பங்களுக்குச் சற்று இடது பக்கம் அழுத்திவிட்டான். ட்ரை! நாலு புள்ளி, பதினெட்டு. இனி கம்பங்களுக்கு நடுவே ஒரு உதை, இரண்டு புள்ளி, வெற்றி. ப்ரோடிக்கு அந்த இடத்திலிருந்து உதைப்பது பல் விளக்குகிற மாதிரி. நான் இடுக்கியை வீசிவிட்டுக் கத்திக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரே நின்ற கிழவி ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்தாள். சாசேஜ் எல்லாம் கருகிப்போயிற்று.

உதைக்கப் பந்தை நிறுத்தி வைக்கிற சின்ன பிளாஸ்டிக் தாங்கியை உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பதும் ட்ரெய்னர் வேலைதான். ட்ரெய்னருக்கான மஞ்சள் சட்டையோடு மெர்வ் அதை எடுத்துக்கொண்டு ஓடினார். ப்ரோடி கையை நீட்டிக்கொண்டு நின்றான். மெர்வ் கொடுக்கவில்லை. அங்கே என்ன பேசினார்கள் என்று பிறகு சேஃபோ எனக்கு வரிவரியாகச் சொன்னான்.

"குடு பெருசு."

"நீ வெளிய வா."

"எதுக்கு?"

"தலை. அடி வாங்கியிருக்க."

"என் தலைக்கு என்ன? ஸ்கோர் கேளு, சொல்றேன். கிழமை கேளு. உன் பொண்டாட்டி பேரு கிளெனிஸ். கடலோரத்துல காத்துக்கிட்டு இருக்கா. போதுமா?"

"எல்லாம் சரியாத்தான் சொல்ற. வெளிய வா."

ரெஃப்ரி வந்தார். தலை விஷயத்தில் மஞ்சள் சட்டை சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. மெர்வ் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, நேராக நடந்துபோய் அந்தத் தாங்கியை சேஃபோ கையில் வைத்தார். சேஃபோ பயிற்சி நாட்களில் வெறுங்காலில் விளையாட்டுக்கு உதைப்பான். அவ்வளவுதான் அவன் அனுபவம். உதைத்தான். பந்து நேராகத்தான் போனது. கம்பத்தில் பட்டு வெளிப்பக்கமாக விழுந்தது.

பதினெட்டு, பத்தொன்பது.

அந்த அமைதியில் ப்ரோடியின் அப்பா ட்ரெவர் ஃபெனல் வேலியில் சாய்ந்துகொண்டு சத்தமாகக் கேட்டான்:

"மெர்வ்! சூட்கேஸ் கட்டியாச்சா?"

கொஞ்சம் பேர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் மெர்வைப் பார்த்தார்கள், அது அதைவிட மோசம். பச்சைத் தொட்டியை யாரும் தள்ளவில்லை. அதில் ஒட்டின கொக்குப் படம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

விழுந்த ப்ரோடியை மெர்வைத் தவிர ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் பந்தோடு போய்விட்டது. கோச் வாரிக் டங்க்ஸ் பார்க்கவில்லை, ரெஃப்ரி பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை ப்ரோடி டாக்டரிடம் போனான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறான், எதற்கும் ஓய்வெடுக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். "பார்க்க நன்றாகத்தான் இருக்கிறான்" என்பதை மட்டும் ட்ரெவர் ஊர் முழுக்கக் கொண்டுபோனான்.

அந்தத் திங்கட்கிழமை மெர்வ் போயிருக்க வேண்டும். போகவில்லை. அக்காவுக்கு போன் போட்டு "நாளைக்கு" என்றார். மறுநாளும் "நாளைக்கு." விற்ற வீட்டைக் காலி செய்துவிட்டு வண்டியில் பெட்டிகளோடு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார். பெட்ரோல் பங்கில் நின்று அங்கிருக்கிறவனைக் கேட்டார், நீ பார்த்தாயா என்று. குலுக்கல் சீட்டு விற்கிற அம்மாவைக் கேட்டார். ரெஃப்ரி இருக்கிற ஊருக்கே ஓட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். "நீங்க சொன்னீங்க, நான் எழுதிக்கிட்டேன், அவ்ளோதான்" என்று அவர் கதவைச் சாத்திவிட்டார். தெருவில் பையன்கள் "பெருசு, கடல் காத்து எப்படி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை நான் ஆலையிலிருந்து வந்தபோது என் வீட்டு முன்னால் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார்.

"உக்காருங்கண்ணே."

"வேணாம். தார்சி, அவன் மல்லாந்து விழுந்தான். வலது கை மட்டும் மேல விறைச்சு நின்னுச்சு. விரலெல்லாம் இப்படி, கோழிக்கால் மாதிரி. மூளை குலுங்கினாத்தான் கை அப்படி நிக்கும். ஒரு மூச்சு விடற நேரம். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுந்துட்டான்."

"பாத்துட்டீங்கல்ல? அப்புறம் என்ன?"

"பாத்தேன்." கொஞ்ச நேரம் நடந்தார். "அன்னைக்குக் காலைலேர்ந்து தோத்தா அவகிட்ட போயிடலாம்னு உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஜெயிக்கணும்னும் ஓடுச்சு. ரெண்டும் சேர்ந்து ஓடுச்சு. நெசமாவே அந்தக் கையப் பாத்தேனா, இல்ல பாக்கணும்னு ஆசப்பட்டுப் பாத்தேனா?"

ஒரு பீரைத் திறந்து கொடுத்தேன். வாங்கி, குடிக்காமல் சுவரில் வைத்துவிட்டார்.

"நான் போகல. இன்னொரு சீசன் இருக்கப் போறேன். வாரிக்கிட்ட சொல்லிட்டேன். இப்பப் போனா ட்ரெவர் சொன்னதுதான் சரின்னு ஆயிடும். நீ கிளெனிஸுக்கு போன் பண்ணிப் பக்குவமா எடுத்துச் சொல்லு."

"அண்ணே, நான் ஆட்டை வெட்டுறவன். குடும்பத்தை எல்லாம் வெட்ட மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. வியாழக்கிழமை அக்காவே என்னைக் கூப்பிட்டாள். கேட்டதும் எனக்கு மறைக்கத் தெரியவில்லை. ஆட்டம், தாங்கி, கம்பம், ட்ரெவர், இன்னொரு சீசன், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நடுவில் அவள் இருமிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "எனக்காகத் தோத்தான்னா சொல்றாங்க?" என்றாள்.

"ஆமாக்கா."

போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளப்பில் இறைச்சிக் குலுக்கல். சீட்டு விழுந்தவனுக்கு ஒரு தட்டு நிறைய கறி. பாதி ஊர் அங்கேதான் இருக்கும். பாரில் ட்ரெவர் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தான். மெர்வ் மூலையில் நின்றபடி தன் விரலுக்கே டேப்பைச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். யாரும் பக்கத்தில் போகவில்லை. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு கிளெனிஸ் அக்கா வந்தாள். கடலோரத்திலிருந்து ஒரே மூச்சில் ஓட்டி வந்திருக்கிறாள். கையில் மூச்சுக்கு இழுக்கிற மருந்துக் குப்பி. மெர்வைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நேராக ட்ரெவரிடம் போனாள்.

"ட்ரெவர், என்னமோ சொன்னியாமே. எனக்காக மெர்வ் ஆட்டத்தைக் கோட்டை விட்டான்னு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி இன்னொரு தடவ சொல்லு. என் காதுல தேன் பாயட்டும்."

"விடு கிளெனிஸ். கோவத்துல ஒரு வார்த்த..."

"விட மாட்டேன். லீயான் பொறந்த அன்னைக்கு இந்தாளு எங்க இருந்தான்? எவனோ ஒருத்தன் மூக்க நிமித்திக்கிட்டு இருந்தான். எங்கம்மாவைப் புதைக்கறதுக்குள்ள, ரெண்டாம் பாதி ஆரம்பிச்சுடும்னு கெளம்பிட்டான். என்னை ஆம்புலன்ஸ்ல ஏத்துறாங்க, இவன் என்ன சொன்னான் தெரியுமா? ஞாயித்துக்கிழம சாயங்காலம் வந்துடறேன்னான். அன்னைக்கு வெள்ளிக்கிழம!" நிறுத்தி, குப்பியை வாயில் வைத்து இழுத்தாள். "எனக்காக ஒரு பயிற்சிய விட்டவன் இல்ல இந்தாளு. ஆட்டத்தையே விட்டானாமா? அது மட்டும் நெசமா இருந்தா இந்த பார் மேல ஏறி நின்னு ஆடுவேன்டா நான். நெசமில்லையே. அதான்டா என் தலையெழுத்து."

முதலில் சிரித்தது சேஃபோ. அப்புறம் பாரில் ஊற்றிக் கொடுக்கிற பெண். அப்புறம் எல்லோரும். ட்ரெவர் கிளாசுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஏதோ முனகினான். மெர்வ் காதுவரை சிவந்து நின்றார். திட்டு வாங்கினவன் முகமா, விடுதலையான கைதியின் முகமா, எனக்குத் தெரியவில்லை.

"அந்த மூக்கு வாரிக்கோடது" என்றார் மெதுவாக.

கோச் வாரிக் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எவன் மூக்கா இருந்தா எனக்கென்ன?" என்றாள் அக்கா, இப்போதுதான் அவர் பக்கம் திரும்பி. "வெளிய வண்டி ஓடிக்கிட்டு இருக்கு. இந்தத் தூசில என்னால நிக்க முடியாது. வரியா, வாளியக் கட்டிக்கிறியா?"

மெர்வ் வாரிக்கைப் பார்த்தார். "அடுத்த சீசன்னு சொல்லியிருந்தேனே..."

"போய்யா," என்றார் வாரிக். "நான் ஆள் பாத்துக்கறேன். போ."

மெர்வ் தன் வண்டிச் சாவியை என்னிடம் எறிந்தார், பெட்டிகளை அப்புறம் அனுப்பச் சொல்லி. நானும் கூடவே வெளியே வந்தேன். வாசலில் தன் வண்டி மேல் சாய்ந்துகொண்டு ப்ரோடி நின்றிருந்தான். அந்த வாரம் முழுக்க மெர்வோடு ஒரு வார்த்தை பேசாதவன்.

"நான் அத அடிச்சிருப்பேன், பெருசு."

"அடிச்சிருப்ப."

"ஜெயிச்சிருப்போம்."

"அதுல சந்தேகமே இல்ல."

"அப்புறம் ஏன்டா... ஏன் பெருசு?"

அக்கா ஹாரனை அடித்தாள். மெர்வ் அசையவில்லை. அந்த வாரத்தில் அவர் ஒரே இடத்தில் அசையாமல் நின்று நான் பார்த்தது அப்போதுதான்.

"இறுதி ஆட்டமா இருந்தாலும் உன்ன வெளிய எடுத்திருப்பேன். தோத்தா கிளெனிஸ் என்னை விட்டுட்டுப் போயிடுவாங்கற நெலமையா இருந்தாலும் வெளிய எடுத்திருப்பேன்டா." சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே ஒரு முறை கேட்டுக்கொண்ட மாதிரி தலையை ஆட்டினார். "ஆமா. எடுத்திருப்பேன்."

ப்ரோடி கை கொடுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மெர்வ் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. சின்ன காரின் கதவைத் திறந்து, நெட்டைக் காலை மடக்கி உள்ளே திணித்துக்கொண்டு உட்கார்ந்தார். முட்டி முகவாயில் இடித்தது. பெல்ட்டை மாட்டு மெர்வ், கால ஆட்டாத மெர்வ் என்று அக்கா போட்ட சத்தம், வண்டி தெருமுனை திரும்புகிற வரை எங்களுக்குக் கேட்டது.